அவர் தமிழில் பேசட்டும், ஜப்பானியத்தில் நான் சொல்கிறேன்

தடா, சத்தியவேடு, நகரி, சித்தூர் என்று ஆந்திர எல்லையோரத்தில் ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்காக முதலீட்டாளர் சந்திப்புகளை நடத்தும் அதிகாரிகளுக்கும், புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேஷன் மையப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் சத்தியவேடு பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும். சென்னையில் தங்கி ஜப்பானிய மொழி படித்தேன். பக்கத்துத் தொழில் நகரமான ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம், ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் வேலை பார்த்தேன். இப்போது அதையே தனியாகச் செய்கிறேன். உங்கள் கூட்டங்களுக்கும் வந்திருக்கிறேன். மேடை ஓரத்தில் ஸ்பைரல் நோட்டோடு நிற்கும் பெண் நான்தான்.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வெளிநாட்டு முதலீட்டாளர் முன்னால் நிற்கும்போது, அவர்கள் எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அந்த மொழியிலேயே பேச விடுங்கள். அதற்கு எங்களைப் போன்றவர்களை முறையாகப் பயன்படுத்துங்கள். இதையே தெலுங்கிலும் எழுதி அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டேன். இங்கே தமிழில் எழுதுவது, மேடை ஏறப்போகும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டும் என்பதற்காக.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பது வேண்டாம். யாரையும் குறை சொல்லி மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை.

முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன் வந்தது. காலையில் ஜப்பானிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், ஏழு ஸ்டார்ட்அப் பேசுகிறது, ஒருவருக்கு ஐந்து நிமிடம், வந்துவிடுங்கள் என்றார்கள். ஸ்லைடுகளை அனுப்புங்கள் என்று கேட்டேன். காலையில் ஹாலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். காலையில் ஹாலில் ஸ்லைடு யாரிடமும் இல்லை. பென் டிரைவ் லேப்டாப்பில் செருகியிருந்தது, லேப்டாப் பக்கத்தில் யாரையும் விடவில்லை. எனக்குப் போட்டிருந்த நாற்காலி ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால். அங்கே உட்கார்ந்தால் பேசுபவர் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதுதான் கேட்கும். அதனால் நின்றேன்.

நாலாவதாக வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர், தமிழ்க் குடும்பம். அப்பா இறால் குட்டை வைத்திருக்கிறார். தம்பி செய்திருப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவி. குட்டையில் பகலில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும். ராத்திரியில் அதுவும் இறாலோடு சேர்ந்து மூச்சு விடும். அதனால் விடியப் போகும் நேரத்தில்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடவில்லை என்றால் ஒரு ராத்திரியில் மொத்தப் போகமும் போய்விடும். தம்பியின் கருவி ஆக்சிஜன் குறைந்ததும் தானே ஏரேட்டரை ஓட விட்டு, குட்டைக்காரரை போனில் எழுப்பும்.

அன்றைக்கு மேடையில் அவரிடம் ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். பேசினார். எங்கள் கருவி விவசாயிகளுக்கு மிகவும் உபயோகமானது, செலவைக் குறைக்கிறது, சந்தை பெரியது. ஐந்து நிமிடமும் இந்த மூன்று வாக்கியத்தையே மாற்றி மாற்றிச் சொன்ன மாதிரி இருந்தது. நான் அதைத்தான் ஜப்பானியத்தில் சொன்னேன். சொல்லாததைச் சேர்க்க எனக்கு உரிமை கிடையாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் கட்டுப்பாடு.

கடைசியில் விற்பனைக் கணக்கு வந்தது. அவர் மனதில் இருந்தது இரண்டு கோடியே நாற்பது லட்சம். அதை மனதுக்குள் மில்லியனுக்கு மாற்றும்போது ஒரு சைபர் நழுவி, '2.4 மில்லியன்' என்று வாயில் வந்துவிட்டது. நான் 240 மான் என்றேன். திரையில் சரியாக 24 மில்லியன் என்று இருந்தது. ஜப்பான்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அந்தக் குழப்பம் தீரும்போது மணி அடித்துவிட்டது.

'மான்' என்றேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் மில்லியன், பில்லியன். ஜப்பானியர் பத்தாயிரத்தை ஒரு மான் என்றும், பத்து கோடியை ஒரு ஓக்கு என்றும் எண்ணுவார்கள். கொரியாவிலும் இதே மாதிரி பத்தாயிரக் கணக்குதான். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மான். ஒரு கோடி என்றால் ஆயிரம் மான். இரண்டு கோடியே நாற்பது லட்சம் என்றால் 2,400 மான். என் நோட்டின் அட்டைக்கு உள்பக்கத்தில் இந்தக் கணக்கைச் சிவப்புப் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கோடியிலிருந்து நேராக மானுக்குப் போனால் ஒரு படிதான். கோடியிலிருந்து மில்லியன், மில்லியனிலிருந்து மான் என்று போனால் இரண்டு படி, இரண்டு தலை, இரண்டு இடத்தில் சைபர் விழலாம். அந்தத் தம்பி 'ரெண்டு கோடியே நாப்பது லட்சம்' என்று சொல்லியிருந்தால் அவருக்கும் தடுமாற்றம் இல்லை, எனக்கும் இல்லை.

மதியம் சாப்பாட்டு வேளையில், மூன்று ஜப்பானியரில் வயதில் மூத்தவர் தட்டோடு என்னிடம் வந்தார். காலையில் பேசினாரே அந்த இளைஞர், அவருக்கு இந்தக் கருவியைச் செய்ய வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார். தம்பியைக் கூப்பிட்டேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். தமிழிலேயே சொல்லுங்க தம்பி, நான் சொல்றேன் என்றேன். அவர் சொன்னது இது:

"சின்ன வயசுலேர்ந்து எங்க அப்பா ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு டார்ச்ச எடுத்துக்கிட்டு குட்டைக்குப் போவாருங்க. கரையில நின்னு தண்ணி மேல அடிச்சுப் பாப்பாரு. இறால் மேல மிதந்து வந்துச்சுன்னா மூச்சு இல்லன்னு அர்த்தம். ஒரு நாள் ஜுரத்துல படுத்துட்டாரு. நான் பரிட்சைக்குப் படிச்சுட்டு அசந்து தூங்கிட்டேன். காலைல போய்ப் பாத்தா கரையெல்லாம் வெள்ளையா ஒதுங்கிக் கெடக்கு. அன்னைலேர்ந்து அப்பாவத் தூங்க வைக்கணும்னுதான் இதச் செஞ்சேன்."

அப்படியே ஜப்பானியத்தில் சொன்னேன். பெரியவர் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். எத்தனை குட்டை, ஒரு குட்டைக்கு எத்தனை கருவி, உப்புத் தண்ணீரில் சென்சார் எத்தனை மாதம் தாங்கும் என்று வரிசையாகக் கேட்டார். சென்சார் முனையில் பாசி படியும், வாரத்துக்கு ஒரு தடவை துடைக்க வேண்டும், அதுதான் இன்னும் தீராத பிரச்சினை என்று தம்பி மறைக்காமல் சொன்னார். அந்த பதிலைத்தான் பெரியவர் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். மறுநாள் குட்டையைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பணம் வந்ததா என்பது அவர்கள் இருவர் விஷயம், நான் வெளியில் சொல்லக் கூடாது. நான் சொல்ல வருவது, காலை மேடையில் நின்றவரும் மதியம் பேசியவரும் ஒரே ஆள்தான். நடுவில் மாறியது மொழி மட்டும்தான்.

தமிழிலிருந்து ஜப்பானியத்துக்குப் போவது ஆங்கிலத்தைவிடச் சுலபமா என்று நீங்கள் கேட்கலாம். வாக்கிய அமைப்பில் நிச்சயமாகச் சுலபம். 'நாங்கள் போன வருடம் சத்தியவேட்டில் இந்தக் கருவியை வைத்துப் பார்த்தோம்.' இதை ஜப்பானியத்தில் சொன்னால்: 'வதாஷிதாச்சி வா க்யோனென் சத்தியவேடு தே கோனோ கிகாய் ஓ ஓய்தே மிமாஷிதா.' ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம். சத்தியவேட்டில் என்பதன் 'இல்' அங்கே 'தே', கருவியை என்பதன் 'ஐ' அங்கே 'ஓ'. வினை இரண்டு மொழியிலும் கடைசியில்தான் வரும். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது அந்தக் கடைசிச் சொல். 'வைத்துப் பார்த்தோம்' என்றால் நாம் கண்ணால் பார்த்ததைச் சொல்லவில்லை, சோதித்தோம் என்கிறோம். ஜப்பானியரும் அதே 'பார்' என்ற வினையைத்தான் அங்கே ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும். அதை ஜப்பானியத்தில் சொல்ல, வினையை வாயில் அடக்கிக்கொண்டு வாக்கியம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். பேசுபவர் தவிப்பு ஒரு பக்கம், என் தவிப்பு ஒரு பக்கம்.

இந்தக் கடற்கரைக்கு எங்கள் தொழில் புதிதும் இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டியபோதே, இரண்டு மொழி தெரிந்த துபாஷி இல்லாமல் ஒரு மூட்டைத் துணிகூட விலை பேசியிருக்க முடியாது. எங்கள் சத்தியவேடு 1960 ஏப்ரல் 1 வரைக்கும் செங்கல்பட்டு மாவட்டத்து நிலம். எல்லைக்கோடு மாறியது, வீட்டு மொழி மாறவில்லை. இன்றைக்கு இங்கே தமிழ், தெலுங்கு இரண்டும் சரளமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டே ஜப்பானியமும் படிக்கிறார்கள். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில், அடிநிலையான என்5இல் ஆரம்பித்து என்3, என்2 என்று ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

ஆனால் ஒன்று. மொழி தெரிந்தவர் எல்லாரும் இந்த வேலையைச் செய்துவிட முடியாது. போன வருடம் ஒரு கூட்டத்தில், நிறுவனரின் சித்தப்பா மகனை உட்கார வைத்திருந்தார்கள். நல்ல பையன், ஜப்பானில் இரண்டு வருடம் இருந்தவன். நிறுவனத்தின் மதிப்பு எவ்வளவு என்று முதலீட்டாளர் கேட்டார். இவர்கள் எட்டு கோடி என்றார்கள், அவன் எட்டு கோடி என்று மட்டும் சொன்னான். எட்டு கோடி என்பது முதலீடு வருவதற்கு முந்தைய மதிப்பா, வந்ததற்குப் பிந்தைய மதிப்பா? இரண்டு கோடி உள்ளே வருகிறது என்று வையுங்கள். முந்தைய மதிப்பு எட்டு என்றால் மொத்தம் பத்து கோடி, அவர்களுக்கு 20 சதவீதம் போகும். பிந்தைய மதிப்பே எட்டு என்றால் 25 சதவீதம் போகும். ப்ரீ-மனி, போஸ்ட்-மனி என்ற ஒரு சொல் விட்டுப்போனதால், இரண்டு தரப்பும் இரண்டு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கைகுலுக்கிப் பிரிந்தார்கள். பிறகு கடிதம் வந்தபோது ஏமாற்றுகிறார்கள் என்று இவர்கள் கோபப்பட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அந்த இடத்தில் 'முந்தையதா, பிந்தையதா' என்று நிறுத்திக் கேட்கப் பழகியவர் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சொல், 'கென்தோ ஷிமாஸ்'. பரிசீலிக்கிறோம் என்று பொருள். 'முஸுகாஷீ தேஸ் நே' என்றால் கொஞ்சம் கஷ்டம் என்று பொருள். ஜப்பானிய வியாபாரப் பேச்சில் பெரும்பாலும் இரண்டுமே முடியாது என்பதன் மரியாதையான வடிவம். நம் ஊரில் பெண் பார்த்துவிட்டு 'போய்த் தகவல் சொல்றோம்' என்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. நடுவில் 'ஹாய், ஹாய்' என்று தலையாட்டுவதும் சம்மதம் ஆகாது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஒரு நிறுவனர் இதையெல்லாம் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, கடன் வாங்கி சர்க்யூட் போர்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். நான் பரிசீலிக்கிறோம் என்று சரியாகத்தான் சொன்னேன். ஆனால் கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் அவரோடு உட்கார எனக்கு வாய்ப்புக் கொடுத்திருந்தால், அந்தச் சொல்லின் கனத்தையும் சொல்லியிருப்பேன். மேடையில் அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கவர் கொடுத்து, கார் ரெடி மேடம் என்று அனுப்பிவிட்டார்கள். இது என் மனதை இன்னும் அறுக்கிறது.

முதலீட்டாளர்களே ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து வருகிறார்களே, அது போதாதா என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். அவர் நேர்மையாகவே வேலை செய்வார். ஆனால் அவர் தயாராகி வருவது அவர்கள் தரப்புக்காக. கூட்டம் முடிந்து அவரோடு உட்கார்ந்து பேசப்போவது அவர்கள். நம் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் வேண்டாமா?

போனில் ஆப் இருக்கிறதே என்றும் சொல்கிறார்கள். ஊர் சுற்றவும் ஹோட்டலில் சாப்பாடு கேட்கவும் நானே அதைப் பயன்படுத்தச் சொல்வேன். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள். பாதி வாக்கியம் தமிழ், நடுவில் குளத்துக்கு 'செருவு' என்ற தெலுங்கு, கடைசியில் 'மெயின்டெனன்ஸ்'. ஃபேன் ஓடும் ஹாலில், பதற்றத்தில் வேகமாகப் பேசும் பிள்ளையின் குரலை அது பிடிக்கத் திணறும். அதோடு, எட்டு கோடி முந்தையதா பிந்தையதா என்று அது நிறுத்திக் கேட்காது.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்களா? முதலில் பதிவுப் படிவம். மொழி என்ற கட்டத்தில் தெலுங்கு, ஆங்கிலம், இந்தி இருக்கின்றன. அதில் தமிழையும் சேருங்கள். அரசுக்கு மனுக் கொடுப்பதற்கே, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு சொல்கிறது. நான் சட்டம் பேச வரவில்லை, ஒரு கட்டம் கேட்கிறேன். ஆங்கிலத்தில் பேச விரும்புகிறவர்கள் ஆங்கிலத்திலேயே பேசட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அப்புறம் நேரம். ஒருவர் பேசி நிறுத்த, நான் சொல்லி முடிக்க, மறுபடி அவர் தொடங்க என்று போனால் ஐந்து நிமிடப் பேச்சு பத்து நிமிடம் ஆகும். இப்போது ஐந்து நிமிடத்துக்கே மணி அடிக்கிறார்கள். ஆக அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம். பக்கத்தில் ஆங்கிலத்தில் பேசியவருக்கு, முதலீட்டாளருக்கு ஆங்கிலம் புரிந்தால், முழுதாக ஐந்து. இது அநியாயம். நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். இல்லையென்றால் ஒலி புகாத கூண்டும் ஹெட்போனும் வாடகைக்கு எடுத்து, பேசப் பேசவே மாற்றிச் சொல்லும் ஏற்பாடு செய்யுங்கள். அதற்குக் கூண்டுக்குள் இரண்டு பேர் வேண்டும். இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் ஒரே ஆள் செய்தால் தவறு வர ஆரம்பிக்கும், உலகம் முழுக்க ஆள் மாற்றித்தான் செய்கிறார்கள். 1945இல் நியூரம்பர்க் விசாரணை நான்கு மொழியில் நடந்தபோது, பேசுபவர் முன்னால் மஞ்சள் விளக்கு வைத்திருந்தார்கள். வேகம் கூடினால் அது எரியும், மெதுவாகப் பேசு என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். நம் மேடைகளில் நேரம் முடிந்ததைச் சொல்லும் மணி மட்டும்தான் இருக்கிறது. ஒரு மஞ்சள் விளக்கும் வையுங்கள்.

ஸ்லைடுகளை ஐந்து நாள் முன்னால் கொடுங்கள். ரகசியம் என்று பயந்தால் ஒப்பந்தம் போட்டு என் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள், கூட்டம் முடிந்ததும் என் நோட்டுப் பக்கங்களை உங்கள் முன்னாலேயே கிழித்துத் தருகிறேன். ஐந்து நாள் எதற்கு என்றால், 'ஏரேட்டர்' எனக்குத் தெரியும், ஆனால் இறால் ஓடு உரிக்கும் பருவத்துக்கு ஜப்பானிய மீன்பண்ணைக்காரர் என்ன சொல் சொல்வார் என்று நான் தேடிப் படிக்க வேண்டும். அதற்கும் மேலாக, அரை மணி நேரம் அந்தப் பிள்ளையோடு ஒத்திகை வேண்டும். எங்கே மூச்சு விட வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தினால் நான் பிடித்துக்கொள்வேன் என்று பழகினால், மேடையில் அவருக்கும் கை நடுங்காது. ஒத்திகையில்தான் பல விஷயம் வெளியே வரும். இறால் கதையை அந்தத் தம்பி ஒத்திகையில் சொல்லியிருந்தால், அதை முதல் வாக்கியமாக வைக்கச் சொல்லியிருப்பேன்.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூ அலங்காரத்துக்கும் ட்ரோன் வீடியோவுக்கும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில் எங்களுக்குப் பார்க்கிறீர்கள். முதலில் ஒதுக்குங்கள். அப்போதுதான் இப்போது என்3 படித்துக்கொண்டிருக்கும் பெண்கள் இதை ஒரு தொழிலாக நம்பி வருவார்கள்.

அடுத்த சந்திப்புக்கான படிவம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அதில் தமிழ்க் கட்டம் வந்தால், அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கும் முதல் ஆறு பேருக்கு ஒத்திகைக்கு நான் காசு வாங்காமல் வருகிறேன். தடா ஸ்டேஷனில் இறங்கினால் நானே வந்து கூட்டிப்போகிறேன், இல்லையென்றால் அவர்கள் ஊருக்கே வருகிறேன். இறால் குட்டைத் தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டார், இந்த முறை அப்பாவையும் கூட்டி வருவாராம்.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
சத்தியவேடு மண்டலம்